பீட் கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது?

(தோட்ட இளைஞர்களுக்கான வெல்டிங் வகுப்பில் பட்டறைப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)



காலையிலிருந்து மழை. மலையிலிருந்து நேரா இங்க வந்தவங்களும் இருக்கீங்க, படங்கு ஈரம்கூடக் காயல்ல. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன்.

போன மாதம் டிக் வெல்டிங் எப்படிச் செய்வது என்று பேசினேன். இன்றைக்கு அது எப்படிக் கெட்டுப்போகிறது என்று பேசப் போறேன். இதுதான் முக்கியமான பாடம் என்று எனக்குத் தெரிய வந்ததே கொஞ்சம் கசப்பான வழியிலதான். அதை முதலில் சொல்லிடுறேன்.

சில வருஷத்துக்கு முன்னால எங்க டிவிசன் பையன் ஒருத்தன் என்னிடம் வேலை பழகினான். பேர் வேணாம். நல்ல கை. ஆறு மாசத்தில அவன் போடுற பீட் மீன் செதில் அடுக்கின மாதிரி வரும். வெளிநாட்டு வேலைக்கு ட்ரேட் டெஸ்ட் என்று கூப்பிட்டாங்க. அம்மாவோட தோட்டை அடகு வெச்சுத்தான் கொழும்புக்குப் போனான். மறுநாள் ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பி வந்துட்டான். என்னடா என்று கேட்டால், "எல்லாம் பொத்தல் பொத்தலா வந்திருச்சு சேர், ஏன்னு தெரியல" என்றான்.

விசாரிச்சதில விஷயம் வெளிய வந்தது. டெஸ்டில கொடுத்தது கறுப்புத் தகடு. ஆலையில் சூட்டோட உருட்டி எடுத்த இரும்பு. அதன் மேல ஒரு கறுப்புத் தோல் ஒட்டியிருக்கும், எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்தத் தோலை உரிக்காம அப்படியே ஆக் அடிச்சிட்டான். பொறி பறந்திருக்கு, பொத்தல் விழுந்திருக்கு. சூடு காணாது என்று நினைச்சு அம்பியரைக் கூட்டியிருக்கான். இன்னும் மோசமாப் போச்சு. கிரைண்டர் பக்கத்து மேசையிலேயே கிடந்திருக்கு. கையை நீட்டினா எடுக்கலாம், எடுக்கல.

ஏன் எடுக்கல? என் பட்டறையில தினமும் காலையில தகட்டை வெள்ளையா உரிச்சு, துடைச்சு, அவன் முன்னால வெச்சது நான். நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று அப்படிச் செய்தேன். அழுக்குத் தகட்டில என்ன நடக்கும் என்று அவன் ஒரு நாளும் கண்ணால பார்த்ததில்ல. தோடு அடகிலேயே மூழ்கிப் போச்சு. அந்த அம்மா இன்றைக்கும் என்னைக் கண்டா "சேர், சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்கிறாங்க. அதுதான் எனக்குக் கூடக் கஷ்டம்.

அந்த நாளிலிருந்து நான் யாருக்கும் தகடு உரிச்சுக் கொடுக்கிறதில்ல. போதாததுக்கு, வேணுமென்றே கெடுத்தும் வெக்கிறேன். மெஷினைத் தப்பாப் பூட்டி வெப்பேன், ஹோஸைத் தளர்த்தி வெப்பேன். நீங்க கண்டுபிடிக்கணும். யாரும் கோவிச்சுக்காதீங்க.

டிக் என்றால் என்ன என்பதை இரண்டு வார்த்தையில ஞாபகப்படுத்துறேன். 1940களின் தொடக்கத்தில அமெரிக்காவில, நோர்த்ரொப் விமானக் கம்பெனியில ரஸல் மெரடித் என்ற எஞ்சினியர் மகனீசியத் தகட்டை ஒட்டுறதுக்கு இந்த முறையைக் கொண்டு வந்தார். மகனீசியம் உருகுற சூட்டில காத்துப் பட்டாப் பத்திக்கிற சாமான். அதனால காத்தை விலக்கி ஈலியம் வாயுவைச் சுத்தி விட்டு, உள்ளே உருகாத டங்ஸ்டன் கம்பியால ஆக் எடுத்தார். இப்ப ஈலியத்துக்குப் பதிலா பெரும்பாலும் ஆகன். விஷயம் அதேதான். சாதாரண ஆக் வெல்டிங் குச்சியில மருந்து பூசியிருக்கும். அது உருகிக் கசடாகி இரும்பைக் காத்திலிருந்து மூடிக்கும். டிக்கில மருந்தும் இல்ல, கசடும் இல்ல. காவலுக்கு இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஆகன் மட்டும்தான். ஆக் வெல்டிங் பழகினவங்களுக்கு டிக் ஆரம்பத்தில வராததுக்குக் காரணம் இதுதான். குச்சி கொஞ்சம் துருவை மன்னிக்கும், கொஞ்சம் காத்தை மன்னிக்கும். டிக் எதையும் மன்னிக்காது.

இப்ப பழுதுக்கு வருவோம்.

டோர்ச்சை வெச்சதும் டங்ஸ்டன் நுனி உருண்டையாகிக் கொழகொழவென்று உருகிப் போகுதா? இரும்பு சூடாகவே மாட்டேங்குதா? வேற எதையும் தேடாதீங்க. வயர் மாறிப் பூட்டியிருக்கு. இரும்புக்கு நேர் மின்னோட்டம், டோர்ச் கழித்தல் பக்கம், ஏர்த் கூட்டல் பக்கம். அப்படி இருந்தா சூட்டில ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தகட்டுக்குப் போகும். மாத்திப் பூட்டினா அந்தச் சூடு டங்ஸ்டனில வந்து இறங்கும்; அது தாங்குமா? பட்டறையில ஒரே மெஷினில காலையில குச்சி அடிப்பாங்க, பின்னேரம் டிக் அடிப்பாங்க. குச்சிக்குப் பல வேளை ஹோல்டர் கூட்டல் பக்கம் இருக்கும். அதை மாத்த மறந்திடுறது. பத்துப் பேரில எட்டுப் பேர் ஒரு தடவையாவது செய்த பிழை இது. நானும் செய்திருக்கேன்.

அடுத்தது, நான் சொல்லப்போற ஒரு சோதனை. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாக் கூட இன்றைக்கு மழையில நனைஞ்சு வந்ததுக்குப் பலன் உண்டு.

பீட் கெட்டுப்போச்சு. காரணம் மெஷின் பக்கமா, தகட்டுப் பக்கமா? வேற ஒரு துண்டு இரும்பை எடுங்க. கிரைண்டரில வெள்ளி மாதிரி மினுங்கும் வரை உரிச்சு, அசிற்றோனில துடைங்க. அதில கம்பி எதுவும் போடாம, டோர்ச்சை அசைக்காம, ஒரே இடத்தில ஆக் எடுத்து, ஒரு சின்னக் குளம் உருகினதும் நிறுத்துங்க. நிறுத்தின பிறகும் டோர்ச்சை அங்கேயே பிடிச்சுக்கிட்டு வாயு ஓடி முடியும் வரை இருங்க. இப்ப அந்தப் பொட்டைப் பாருங்க. கண்ணாடி மாதிரி மினுங்குதா? வாயு சரி, டங்ஸ்டன் சரி, வயர் சரி. குற்றம் நீங்க ஒட்ட வந்த தகட்டில, இல்லாட்டிக் கம்பியில. பொட்டு கறுத்து, புகை பிடிச்சு, ஊசிக் குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கா? தகட்டைக் குறை சொல்ல வேணாம், ஆகன் ஒழுங்கா வரல. அரை நிமிட வேலை. அந்தப் பையன் இதை ஒரு தடவை செய்திருந்தா அங்கேயே விடை தெரிஞ்சிருக்கும்.

சரி, பொட்டு கறுத்திருக்கு என்று வையுங்க. ஆகன் எங்க போச்சு?

முதலில் சிலிண்டரில இருப்பது ஆகன்தானா என்று பாருங்க. சிரிக்காதீங்க. மிக் வெல்டிங்குக்கு ஆகனோட காபனீரொட்சைட்டு கலந்த சிலிண்டர் வரும். அதுவும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். அதை டிக்குக்குப் பூட்டினா டங்ஸ்டன் உடனே கறுத்துத் தின்னப்பட்டுப் போகும், பொறி பறக்கும். சிலிண்டர் நிறத்தை நம்பாதீங்க, ஒட்டியிருக்கிற லேபிளை வாசிங்க. சுத்தமான ஆகன் என்று எழுதியிருக்கணும்.

பிறகு அளவு. சாதாரண 6ஆம் நம்பர், 8ஆம் நம்பர் கப்புக்கு நிமிடத்துக்கு 6 முதல் 10 லீற்றர் வரை போதும். காணாது என்று நினைச்சு 18, 20 என்று திறந்து விடுறவங்க இருக்காங்க. அது உதவாது, கெடுக்கும். ஏன் என்றால், குழாயை மெதுவாத் திறந்தா தண்ணி கண்ணாடிக் கம்பி மாதிரி விழுது, முழுசாத் திறந்தா சிதறி வெள்ளையா நுரைக்குது இல்லையா? நுரை என்றால் காத்து கலந்திருச்சு என்று அர்த்தம். ஆகனும் அப்படித்தான். வேகமா விட்டா சுழிச்சு, வெளிக் காத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். காசும் போச்சு, பீட்டும் போச்சு.

அளவும் சரி, ஆனா இன்னும் கறுக்குது என்றால் ஒழுகல். சவர்க்காரத் தண்ணியைக் குழைச்சு ரெகுலேட்டர், ஹோஸ் மூட்டு எல்லாத்திலயும் தடவிப் பாருங்க. குமிழி வந்தா அங்கேதான். டோர்ச்சின் பின்மூடியில ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அது வெடிச்சிருந்தா, இல்ல மூடி இறுகலைன்னா, அந்த வழியாக் காத்து உள்ளே போகும். கப் வெடிச்சிருக்கா, கொலட் பிடி இறுகியிருக்கா என்பதையும் பார்க்கணும். டங்ஸ்டன் கப்புக்கு வெளியே அதிகமா நீட்டிக்கிட்டிருந்தாலும் நுனிக்கு ஆகன் எட்டாது. கப்பின் உள்வாய் அகலத்துக்கு மேல நீட்டாதீங்க. பழகும் காலத்தில அதில பாதி போதும்.

இதெல்லாம் சரியா இருந்தும் எனக்கு ஒரு தடவை இரண்டு நாள் வீணாப் போச்சு. அது நான் ஸ்டோரில வேலை செய்த காலம். ட்ரையருக்குப் பக்கத்தில ஒரு தாங்கியை டிக்கில ஒட்டணும். காலையில ஒட்டினா நல்லா வரும், ஒன்பது மணிக்குப் பிறகு கெட்டுப்போகும். மெஷின் சூடாகுது என்று நினைச்சேன். மெஷினை மாத்தினேன். சிலிண்டரை மாத்தினேன். டீமேக்கர் வந்து, "நீ மந்திரிச்சுத் தாயத்துக் கட்டு" என்று பகிடி பண்ணிட்டுப் போனார். மூணாம் நாள் பீடி குடிக்கிற ஆள் ஒருத்தர் பக்கத்தில வந்து நின்னார். அவர் விட்ட புகை நேரா என் கையைத் தாண்டி ட்ரையர் பக்கம் ஓடினதைப் பார்த்துத்தான் விளங்கிச்சு. ட்ரையர் ஃபேன் காத்தை இழுக்குது. உடம்புக்குத் தெரியாத காத்து, ஆகனுக்குத் தெரியும். ஒரு அட்டைப் பெட்டியைப் பிரிச்சு மறைப்பா வெச்சேன், முடிஞ்சுது. தேயிலை ஸ்டோர் என்றால் ஃபேன் இல்லாத மூலை கிடையாது. கொழுந்து வாட்டுற மாடியில ட்ரஃப் ஃபேன், கீழே ட்ரையர் ஃபேன், எல்லாம் காத்து வேலைதான். அங்க டிக் பிடிக்கப் போறவங்க முதலில் ஊதுபத்திப் புகை விட்டுப் பார்த்துட்டு உட்காருங்க.

இப்ப தகட்டுப் பக்கம் வருவோம். பொட்டு மினுங்குது, ஆனா வேலைத் தகட்டில பொறி பறக்குது. டிக்கில சுத்தமான இரும்பில பொறியே பறக்காது. இதை நல்லா மனசில வெச்சுக்கோங்க. பொறி பறந்தா, பட்பட் என்று சத்தம் கேட்டா, ஏதோ அழுக்கு எரியுது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்க. அம்பியரைத் தொடாதீங்க.

கறுப்புத் தோலை உரிக்கணும் என்று சொன்னேன். மூட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம், மேலேயும் கீழேயும், ஓரத்திலேயும். கீழ்ப்பக்கத்தை விட்டுடுவாங்க, உருகும்போது கீழே இருக்கிற துருவும் மேலே இழுபட்டு வரும். மினுமினுப்பா வர்ற குளிர் உருட்டுத் தகடு சுத்தமா இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா அதில எண்ணெய் பூசியிருக்கும். அதை உரிக்க வேணாம், அசிற்றோனால துடைக்கணும். கல்வனைஸ் என்றால் நாகப் பூச்சு முழுக்கப் போகும் வரை அரைச்சு எடுக்கணும். எடுக்காம ஒட்டினா பீட்டும் கெடும், அந்த வெள்ளைப் புகையைக் குடிச்சவருக்கு ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும்.

நம்ம பக்கத்துக்கென்று ஒரு பிரச்சினை இருக்கு. பனி. காலையில ஏழு மணிக்குப் பட்டறையில இரும்பைத் தொட்டால் கை ஈரமாகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஈரம் இருக்கும். அதில ஆக் எடுத்தா அந்தத் தண்ணி பிரிஞ்சு ஐதரசனும் ஒட்சிசனுமாக் குளத்துக்குள்ளே போகும், பொத்தல் விழும். தகட்டைக் கொஞ்சம் சூடு காட்டி, துணியால துடைச்சிட்டு ஆரம்பிங்க. கம்பியையும் திறந்து போடாதீங்க. பிவிசி பைப் ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, அதுக்குள்ளே வையுங்க. துரு ஏறின கம்பி என்றால் அந்தத் துருவை நீங்களே கரண்டியால அள்ளிக் குளத்தில போடுற மாதிரி.

கம்பி என்றதும் இன்னொன்று. காஸ் வெல்டிங் கம்பி ஒன்று கடையில கிடைக்கும், மேலே செம்பு பூசி அழகா இருக்கும். டிக் கம்பியிலும் செம்புப் பூச்சு உண்டு. அதனால இரண்டும் ஒன்று என்று நினைச்சு வாங்கிட்டு வருவாங்க. ஒன்றில்ல. இரும்புக்கான டிக் கம்பியில, உருகின குளத்திலிருக்கிற ஒட்சிசனைப் பிடிச்சு அடக்கிறதுக்கென்று சிலிக்கனும் மங்கனீசும் கூடச் சேர்த்திருப்பாங்க. ஈஆர் 70 எஸ்-6, அல்லது ஈஆர் 70 எஸ்-2 என்று கேட்டு வாங்குங்க. எஸ்-2இல அலுமினியம், தைத்தேனியம், சிர்க்கோனியமும் கொஞ்சம் உண்டு. முழுசாச் சுத்தம் பண்ண முடியாத பழைய இரும்புக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும்.

டங்ஸ்டனைக் குளத்தில குத்துறது. இது எல்லாருக்கும் நடக்கும். இன்னும் இருபது வருஷம் கழிச்சும் நடக்கும். நடந்தால் என்ன செய்யணும்? நிறுத்தணும். எடுத்துத் திரும்பத் தீட்டணும். அதுதான் வலி. டோர்ச்சைக் கழட்டி, டங்ஸ்டனை எடுத்து, கல்லில தீட்டி, திரும்பப் பூட்ட ஐந்து நிமிடம் போகும். ஒரு மணித்தியாலத்தில பத்துத் தடவை குத்தினா பத்துத் தடவை எழும்பணும். அதனால பையன்கள் "பரவாயில்ல, இந்த வரிசையை முடிச்சிடுவோம்" என்று தொடர்ந்து அடிப்பாங்க. அப்ப ஆக் ஒரு இடத்தில நிக்காது, பக்கவாட்டில ஓடும், பச்சையாச் சிவப்பாச் சீறும், பீட் கறுக்கும். நான் ஒரு வழி வெச்சிருக்கேன். காலையிலேயே ஆறேழு டங்ஸ்டனை இரண்டு பக்கமும் தீட்டித் தகர டப்பாவில போட்டுக்கிட்டு உட்காருவேன். குத்தினா மாத்துறது, அவ்வளவுதான். டப்பா காலியானா ஒன்றாத் தீட்டுறது. அப்பதான் சோம்பல் ஜெயிக்காது.

தீட்டும்போது நீளவாக்கில தீட்டணும். கோடுகள் நுனியை நோக்கி ஓடணும். குறுக்கே தீட்டினா ஆக் அந்தக் கோட்டில சுத்திச் சுத்தி அலையும். கூர் பகுதியின் நீளம் டங்ஸ்டன் தடிப்பைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. ஊசி மாதிரி விடாம நுனியைக் கொஞ்சம் மழுக்குங்க, இல்லாட்டி அது உடைஞ்சு குளத்துக்குள்ளே விழும். டங்ஸ்டனுக்கென்று தனிக் கல் வெச்சுக்கோங்க, இரும்பு தீட்டின கல்லில தீட்டாதீங்க. சிவப்புத் தலை டங்ஸ்டனில தோரியம் கலந்திருக்கு. அது கொஞ்சம் கதிர்த்தொழிற்பாடு உள்ள பொருள். கையில வெச்சிருக்கிறதால பெரிய ஆபத்தில்ல, ஆனா தீட்டுற தூசியைச் சுவாசிக்கக் கூடாது. நீலத் தலை, தங்க நிறத் தலை எல்லாம் லந்தனம் கலந்தது. வாங்கும்போது அதையே வாங்குங்க, இரும்புக்கு நல்லாப் பிடிக்கும். பச்சைத் தலை வேணாம், அது அலுமினியத்துக்குப் பாவிச்ச பழைய வகை.

வேலை முடிஞ்ச பிறகு டங்ஸ்டன் நிறத்தைப் பாருங்க. வெள்ளி மாதிரி இருந்தா நல்லது. நீலம், ஊதா, கறுப்பு என்றால் சூடு ஆறும் முன்னாலேயே ஆகன் நின்னுட்டுது. ஒவ்வொரு 10 அம்பியருக்கும் ஒரு செக்கன் என்று கணக்கு. 80 அம்பியர் என்றால் ஆக் நின்ற பிறகு 8 செக்கன் ஓடணும். சிலருடைய டோர்ச்சில தானா நிறுத்துற வசதி இல்ல, கையால திருகுற வால்வுதான். அவங்க மனசுக்குள்ளே எட்டு எண்ணிட்டுத்தான் மூடணும். அதுவரை டோர்ச்சைக் குளத்தை விட்டு எடுக்கக் கூடாது. ஆக் நின்னதும் "எப்படி வந்திருக்கு" என்று பார்க்க டோர்ச்சைத் தூக்கிட்டுக் குனியுறாங்க. அந்த ஆசையாலதான் பீட்டின் கடைசியில நட்சத்திரம் மாதிரி வெடிப்பும் பொத்தலும் வருது. வெடிப்புக்கு இன்னொரு காரணம் மின்னோட்டத்தைத் திடீரென்று வெட்டுறது. கால் பெடல் இருந்தா மெல்ல மெல்லக் குறைங்க. இல்லாட்டி கடைசியில இன்னொரு சொட்டுக் கம்பி போட்டுக் குழியை நிரப்பி, போட்ட பீட் மேலேயே கொஞ்சம் பின்னால வந்து நிறுத்துங்க.

அம்பியர் விஷயத்தில புதுசாப் பழகுறவங்க பயந்து குறைச்சு வெப்பாங்க. குறைச்சா ஓட்டை விழாது என்று நினைப்பு. நடக்குறது வேற. குளம் உருகவே நேரமெடுக்கும், அதுக்குள்ளே சூடு சுத்தி எங்கேயும் பரவி, தகடு அப்பளம் மாதிரி நெளியும். கம்பி உருகி மேலே உருண்டையா உட்காரும், உள்ளே பிடிச்சிருக்காது. கணக்கு என்னவென்றால், 1 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஏறக்குறைய 40 அம்பியர். 3 மில்லிமீற்றருக்கு 110, 120. ஆக் எடுத்து இரண்டு மூணு செக்கனுக்குள்ளே குளம் வரல்ல என்றால் காணாது. வந்த குளத்தோட நகரணும், நின்னு வேடிக்கை பார்க்கக் கூடாது. ரோலர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது லைட் மங்குற இடமென்றாலோ, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டின மேனிக்கே வெச்சு மெஷினுக்குக் கரண்ட் எடுத்தாலோ மெஷினுக்கு முழுச் சக்தி வராது. அதையும் நினைவில் வையுங்க. ஏர்த் கிளாம்ப் பெயின்ட் மேல பிடிச்சிருந்தாலும் இதே கதைதான்.

கை நிலையைப் பேசி முடிக்க முடியாது, செய்துதான் பார்க்கணும். ஆக் நீளம் டங்ஸ்டன் தடிப்பளவு, கூடினா 3 மில்லிமீற்றர். டோர்ச்சை நேராப் பிடிச்சு, போற திசைக்கு எதிர்ப்பக்கம் 15 பாகை சரிங்க. கம்பி முன்பக்கத்திலிருந்து, தரையோட தரையாப் படுத்த மாதிரி வரணும். கம்பியை ஆக்கில காட்டி உருக்காதீங்க. குளத்தின் முன் ஓரத்தில தொடுங்க, குளமே உருக்கிக்கும். தொட்டு எடுக்கிறபோது கம்பி நுனியை ஆகன் நிழலுக்குள்ளேயே வெச்சிருங்க. வெளியே இழுத்தா சூட்டோட காத்துப் பட்டுக் கறுக்கும், அடுத்த தொடுகையில அந்தக் கறுப்பு குளத்துக்குப் போகும். கை நடுங்குதா? மணிக்கட்டை எங்கயாவது சாய்ச்சு வையுங்க. மெஷினை ஓன் பண்ணாம முழு மூட்டையும் ஒரு தடவை வெறுங்கையால ஓட்டிப் பாருங்க. பாதியில முழங்கை எங்க இடிக்குது என்று அப்பவே தெரியும். கொழுந்து பறிக்கிற தங்கச்சிமார் இதில சீக்கிரம் தேறுறாங்க. இரண்டு கையும் தனித்தனியா வேலை செய்து பழகின விரல் அது. சும்மா முகத்துக்காகச் சொல்லல, வகுப்பில கண்டது.

ஸ்டெயின்லஸ் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டுச் சாமான் படுற இடங்களுக்கு அதைத்தான் கேட்கிறாங்க. 304 தகட்டுக்கு 308 எல் கம்பி, ஸ்டெயின்லஸையும் சாதாரண இரும்பையும் சேர்க்க 309 எல். பீட் வைக்கோல் நிறம், பொன் நிறம் என்றால் அருமை, நீலம் சுமார், சாம்பல் நிறத்தில கரகரப்பா இருந்தா சூடு மிஞ்சிப் போச்சு, அம்பியரைக் குறைங்க அல்லது வேகமாப் போங்க. முழு ஊடுருவலா ஒட்டினா பின்பக்கமும் ஆகன் கொடுக்கணும். கொடுக்காட்டிப் பின்னால கறுத்துச் சீனிக்கட்டி மாதிரிப் பொரிஞ்சு போகும். அந்த இடத்தில அழுக்குத் தங்கும், துருவும் பிடிக்கும். இரும்பு தேய்ச்ச பிரஷ்ஷை ஸ்டெயின்லஸில போடாதீங்க, இரண்டு வாரத்தில துருப் பொட்டு வந்து உங்க பேர் கெடும்.

கடைசியா உடம்பு. பீட் கெட்டால் அரைச்சுட்டு மறுபடி போடலாம்.

டிக்கில புகை குறைவு, பொறி இல்ல, அதனால ஆபத்தில்ல என்று நினைக்கிறாங்க. கழியூதாக் கதிர் அதே பலத்தோட வருது. 10ஆம் நம்பர் கண்ணாடி போடுங்க. டேக் வைக்கிறதுக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யுறது வேணாம். ராத்திரி கண்ணில மணல் கொட்டின மாதிரி இருக்கும். அதுக்குத் தாய்ப்பால் விடுறது, உருளைக்கிழங்கு வெட்டி வெக்கிறது எல்லாம் நம்ம லயங்களில நடக்குது. கண்ணுக்குள்ளே எதையும் விடாதீங்க. ஈரத் துணியை மேலே போட்டுக்கிட்டு, காலையில டிஸ்பென்சரிக்குப் போங்க. கழுத்து, கை மூடுற பருத்திச் சட்டை போடுங்க. நைலோன் உருகித் தோலில ஒட்டும்.

தகட்டைத் துடைக்க அசிற்றோன் என்று சொன்னேன். துடைச்சிட்டு அது காயும் வரை பொறுங்க, போத்தலை மூடித் தூர வையுங்க, பத்திக்கும். வாகனத்துக்குப் பாவிக்கிற பிரேக் கிளீனர் ஸ்பிரேயை இதுக்கு எடுக்கவே எடுக்காதீங்க. சிலதில குளோரீன் சேர்ந்த திரவம் இருக்கு. ஆக் பட்டால் அது பொஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். முதலாம் உலகப் போரில ஆட்களைக் கொல்லப் பாவிச்ச அதே வாயு.

ஆகன் நஞ்சில்ல, மணமும் இல்ல. ஆனா காத்தை விடப் பாரம், பள்ளத்தில போய்த் தங்கும். தொட்டிக்குள்ளே, ட்ரமுக்குள்ளே, குழிக்குள்ளே இறங்கி டிக் பிடிச்சா ஆகன் கீழேயிருந்து நிறைஞ்சு, ஒட்சிசனை மேலே தள்ளிடும். மூச்சு முட்டுற உணர்வு வராது. தலை சுத்தும், விழுந்திடுவீங்க. காப்பாத்தக் குதிக்கிறவரும் விழுவார். வெளியே ஒரு ஆள் நிற்காம, காத்து ஊதுற வழி செய்யாம, துரையே சொன்னாலும் உள்ளே இறங்காதீங்க. ராத்திரி சிலிண்டர் வால்வை மூடிட்டுப் போங்க, சிலிண்டரைச் சங்கிலியால கட்டி வையுங்க.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று முன்வரிசையில ஒரு தம்பி கேட்கிறார். டவுனில கேட் செய்யுற கடை ஒன்றில குச்சி வெல்டிங் அடிக்கிறான். இரண்டாம் தடவை டெஸ்டுக்குப் போகச் சொல்லி நானும் விடாமக் கேட்கிறேன், இன்னும் சம்மதிக்கல. ஞாயித்துக்கிழமைகளில பட்டறைக்கு வர்றான். வந்ததும் கறுப்புத் தகடு ஒன்றைத்தான் தேடி எடுக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாங்க. ஆளுக்கு இரண்டு துண்டு பழைய இரும்பு கொண்டு வரணும், துரு இருந்தா நல்லது. சுத்தம் பண்ணிக் கொண்டு வராதீங்க. மெஷினில நான் மூணு இடத்தில பழுது வெச்சிருப்பேன்.